ஒரு நாளும் விடுபடாத மாத்திரை: சிறையில் எச்.ஐ.வி.யுடன் இருப்பவருக்கு என்ன வேண்டும்?

கேள்வி: என் தம்பியை ஒரு வழக்கில் ரிமாண்டு செய்து மத்திய சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். நான்கு ஆண்டுகளாக எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டு வருகிறான். போலீசார் அழைத்துச் சென்றபோது மாத்திரையை எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து நாள் ஆகிவிட்டது. சிறையில் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், தனியாக அடைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறான். உள்ளே மருந்து கிடைக்குமா? வெளியிலிருந்து நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

சகோதரி, சட்டம், உரிமை எல்லாவற்றையும் பிறகு பேசுவோம். நாளைக் காலை செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்பியின் நோயாளி அட்டையை எடுத்துக்கொண்டு அவர் மருந்து வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போங்கள். அங்கிருக்கும் ஆலோசகரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். எந்த மருந்து, எப்போதிலிருந்து, கடைசியாக எடுத்த சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) அளவும் வைரஸ் அளவும் எவ்வளவு, காசநோய் இருந்ததா என்பதையெல்லாம் மருத்துவர் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். அதை உறையிலிட்டு ஒட்டி, மேலே "சிறை மருத்துவ அலுவலர் பார்வைக்கு மட்டும்" என்று எழுதுங்கள். வாசலில் நிற்கும் காவலரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். முடியாவிட்டால் கண்காணிப்பாளர் அலுவலகத்திலோ சிறையின் நலவாழ்வு அலுவலரிடமோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகரே சிறை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினால் வேலை இன்னும் விரைவாக நடக்கும். அப்படிப் பேசுவது அவருடைய பணிக்கு உட்பட்டதுதான், தயங்காமல் கேளுங்கள்.

ஐந்து நாள் விடுபட்டதால் எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கிடைத்த நாளிலிருந்து அதே மாத்திரையை வழக்கமான அளவில் தொடரட்டும். விட்டதற்கு ஈடுகட்ட இரண்டாகச் சாப்பிடக் கூடாது. விடுபட்ட நாட்களின் எண்ணிக்கையை மட்டும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் ஒரு நம்பிக்கை மையத்தில் பதினோரு ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவன். அதில் பாதிக் காலம் வாரம் ஒரு முறை மத்திய சிறைக்குப் போய் வந்திருக்கிறேன். அங்கே நான் பார்த்த பெரும்பாலான துன்பங்கள் மருந்து இல்லாததால் வரவில்லை. மருந்து கிடங்கில் இருக்கும், மனிதர் கொட்டடியில் இருப்பார், இரண்டுக்கும் நடுவே யாரோ ஒருவர் செய்யாமல் விட்ட சின்ன வேலை ஒன்று இருக்கும். கைதான இரவு, காவல் நிலையத்திலிருந்து கிளைச் சிறை, அங்கிருந்து மத்திய சிறை, வேறு ஊர் நீதிமன்ற வாய்தா, சிறை மாற்றம், கடைசியில் விடுதலை. கை மாறும் இந்த இடங்களில்தான் மாத்திரை அறுந்துபோகிறது. ஆகவே சிறையில் எச்.ஐ.வி. உள்ளவருக்கு என்ன வேண்டும் என்று யார் கேட்டாலும், மருந்து அறுபடக் கூடாது, அதைச் சாப்பிடுவது ஊருக்குத் தெரியக் கூடாது என்ற இரண்டைத்தான் முதலில் சொல்வேன். இரண்டாவது இல்லாமல் முதலாவது நடக்காது. உங்கள் தம்பியே அதற்குச் சாட்சி. பயத்தில்தானே ஐந்து நாளாக வாய் திறக்காமல் இருக்கிறார்.

மருந்து கிடைக்குமா என்றால், கிடைத்தே ஆக வேண்டும். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 31ஆம் பிரிவு, அரசின் காவலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை ஆகியவற்றைப் பெற உரிமை உண்டு என்கிறது. தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி, தடுப்புக் காவலில் இருப்பவர் எல்லோரும் இதில் அடக்கம். இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்பதால் இந்த வரி மிக முக்கியமானது. குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவர் ஜாமீன் கிடைக்காத காரணத்துக்காக நோய் எதிர்ப்பாற்றலையும் இழக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளின் 24ஆம் விதியும் இதையேதான் சொல்கிறது: வெளியே கிடைக்கும் அதே தரத்தில் உள்ளேயும் மருத்துவம் வேண்டும், எச்.ஐ.வி., காசநோய்ச் சிகிச்சைகள் தொடர்ச்சி அறாமல் நடக்க வேண்டும்.

இது சிலருக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று ஒதுக்கவும் முடியாது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கண்காணிப்புக் கணக்கில் சிறைவாசிகளிடையே தொற்று 1.93 விழுக்காடு. நாட்டின் வயதுவந்தோரிடையே அது 0.21 விழுக்காடுதான். ஒன்பது மடங்கு. இவர்களில் பெரும்பாலோர் தொற்றோடுதான் உள்ளே வருகிறார்கள். வறுமை, ஊசி போதைப் பழக்கம், பாலியல் தொழில் என்று சிறைக்கு இழுத்துவரும் காரணங்களும் தொற்றுக்கு ஆளாக்கும் காரணங்களும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கின்றன.

இப்போது நம் ஏ.ஆர்.டி. மையங்களில் பெரும்பாலோருக்குக் கொடுப்பது டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று. சாப்பிட்டும் சாப்பிடாமலும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் சிறை உணவு நேரத்தோடு அதற்குச் சண்டை இல்லை. ஒழுங்காகச் சாப்பிட்டால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலோருக்கு வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றாது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்கு அடங்காத வடிவம் உருவாகும் ஆபத்தும் உண்டு. பலர் கவனிக்காத இன்னொன்று: தம்பிக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் இருந்தால் இதே மாத்திரைதான் அதையும் அடக்கி வைத்திருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பலாம். பழைய அறிக்கையில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி ரகசியம். "நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது" என்று எத்தனையோ பேர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். யாரும் வேண்டுமென்று காட்டிக்கொடுப்பதில்லை. நடைமுறையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நான் போய்வந்த ஒரு சிறையில் வியாழக்கிழமை தோறும் ஒரு வேன் அரசு மருத்துவமனைக்குப் போகும். அதில் ஏறுபவர்கள் எல்லோரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகிறவர்கள். வேனுக்கு ஆள் அழைக்கும்போது வாசலில் பெயர்களை உரக்கப் படிப்பார்கள். இதற்கு மேல் விளம்பரம் எதற்கு? அந்த வேனில் ஏற மறுத்து இரண்டு மாதம் மருந்தை விட்டவர் ஒருவரை நான் அறிவேன். கடைசியில் சிறை மருத்துவர் ஒருவர், நல்ல மனிதர், ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். கண், பல், எலும்பு என்று எல்லாப் பிரிவுக்கும் போக வேண்டியவர்களை அதே நாளில் அதே வேனில் அனுப்பினார். மாத்திரைகளை மையத்துப் புட்டியிலிருந்து எடுத்து, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் அதே காகித உறையில் கொடுத்தார். செலவு ஒரு பைசா இல்லை. அடுத்த மாதமே விட்டவர்கள் திரும்ப வந்தார்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. 2017 சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல், நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அவருடைய எச்.ஐ.வி. நிலையை வெளியிடக் கூடாது. ஒரு மருத்துவர் சிகிச்சைக்காக இன்னொரு மருத்துவரிடம் சொல்லலாம். கொட்டடிச் சாவி வைத்திருப்பவருக்கோ சமையல் பொறுப்பில் இருக்கும் கைதிக்கோ தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே தம்பி சொல்ல வேண்டியது ஒரே ஒருவரிடம், சிறை மருத்துவரிடம். சேர்க்கையின்போது நடக்கும் உடல் பரிசோதனையில் பத்துப் பேர் சுற்றி நின்றால் அப்போது சொல்ல வேண்டாம்; "டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று மட்டும் கேட்கட்டும்.

தனியாக அடைப்பார்களா என்ற பயத்துக்கு நம் மண்ணிலேயே வரலாறு உண்டு, அதனால் அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரிந்தது. அந்த மாதிரிகளைக் கொடுத்தவர்கள் பாலியல் தொழில் வழக்குகளில் பிடிக்கப்பட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள். நாட்டின் எச்.ஐ.வி. வரலாறே காவலில் இருந்தவர்களின் ரத்தத்தில் தொடங்கியது என்பதை நான் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்வேன். அதன் பிறகு நடந்ததையும் சொல்வேன். தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்து, 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் விடுதலை கிடைத்தது. கோவாவில் 1989இல் டொமினிக் டிசோசா என்ற இளைஞர், ரத்ததானம் செய்தபோது தெரியவந்த தொற்றுக்காக 64 நாள் தனிமையில் அடைக்கப்பட்டார். அவர் எந்தக் குற்றமும் செய்தவர் அல்லர்.

இன்று அப்படிச் செய்ய இடமில்லை. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரைப் பிரித்து அடைப்பதும், வேலையோ படிப்போ மறுப்பதும் பாகுபாடு; சட்டத்தின் 3ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. சேர்ந்து சாப்பிடுவதால், ஒரே கழிப்பறையால், கொசுவால், பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பதால் எச்.ஐ.வி. பரவாது. சளியில் காசநோய்க் கிருமி இருந்தால் சில காலம் தனியே வைப்பார்கள். அது காசநோய்க்கான ஏற்பாடு, எச்.ஐ.வி. இல்லாதவருக்கும் அதேதான். தம்பிக்கு இந்த வித்தியாசத்தை விளக்கிவிடுங்கள்.

காசநோயைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சிறையில் எச்.ஐ.வி. உள்ளவரைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். கொள்ளளவுக்கு மேல் ஆள், காற்றோட்டம் இல்லாத அறை, மாலை அடைப்பு முதல் காலைத் திறப்பு வரை பன்னிரண்டு மணி நேரம் ஒரே மூச்சுக்காற்று. இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கில் எது இருந்தாலும் அன்றே சொல்ல வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் காசநோய் வராமல் தடுக்கும் மாத்திரையைக் கேட்டு வாங்க வேண்டும். முன்பே எடுத்து முடித்திருந்தால் அதையும் மையத்துக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

காசநோய் வந்துவிட்டால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காசநோய்ச் சிகிச்சையில் உள்ள ரிபாம்பிசின், உடம்பில் டொலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும். அதற்காக வழக்கமான மாத்திரையோடு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து 50 மி.கி. டொலுடெக்ராவிர் தனியாக ஒன்று சாப்பிட வேண்டும். காலை எட்டு மணிக்கு ஒன்று என்றால் இரவு எட்டு மணிக்கு இன்னொன்று. ஆனால் மாலை ஆறு மணிவாக்கில் கொட்டடி பூட்டப்பட்டுவிடும். மருந்து கொடுப்பவர் போய்விடுவார். இரவு மாத்திரை மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். ஒருவருக்கு இப்படி இரண்டு மாதம் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். பதிவேட்டில் தினமும் "கொடுக்கப்பட்டது" என்று இருந்தது. வழி எளிதானது: இரவு மாத்திரையை அடைப்புக்கு முன்பே அவர் கையில் கொடுத்து வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். அதற்கு மருத்துவர் எழுத்தில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சோதனையின்போது காவலர் பிடுங்கிவிடுவார். இதே போல வயிற்றெரிச்சலுக்குக் கொடுக்கும் ஆன்டாசிட், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் டொலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்கக் கூடாது. ஆன்டாசிட் போடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, போட்ட ஆறு மணி நேரம் பின்போதான் ஏ.ஆர்.டி. மாத்திரை. சிறை மருந்தகத்தில் எல்லாவற்றையும் ஒரே கைப்பிடியில் கொடுத்துவிடுவது வழக்கம் என்பதால் சொல்கிறேன்.

உணவு விஷயத்தில், எடை குறைந்திருந்தால் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பட்சத்தில் பால், முட்டை போன்ற கூடுதல் உணவு உண்டு. கேட்டால்தான் எழுதுவார்கள்.

பிறருக்குப் பரவாமல் தடுக்க உள்ளே தேவைப்படுவது தனித்தனி சவர பிளேடு, பச்சை குத்திக்கொள்ள ஊசியைப் பகிராமை, போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மாற்று மருந்துச் சிகிச்சை. ஆணுறை பற்றி நம் சிறைகள் இன்னும் வாய் திறக்கவில்லை. 1994இல் திகார் சிறையில் ஆணுறை கொடுக்கலாம் என்ற யோசனையை நிர்வாகம் மறுத்ததிலிருந்துதான் ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு எதிரான முதல் வழக்கே டெல்லி உயர் நீதிமன்றத்தில் பிறந்தது. அந்தப் பிரிவின் கடுமையை 2018இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும் சிறைக்குள் உடலுறவே இல்லை என்ற பாசாங்கு தொடர்கிறது, அதற்கான விலையை இளவயதுக் கைதிகள் கொடுக்கிறார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவருக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கி 28 நாள் கொடுத்தால் தொற்றைத் தடுக்க முடியும். இது தெரிந்த காவலரை நான் சந்தித்ததே இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

பெண்கள் சிறையில் தேவைகள் இன்னும் கூடுதல். கர்ப்பிணிக்கு மருந்து ஒரு வேளைகூட விடுபடக் கூடாது. குழந்தைக்குப் பிறந்தவுடன் தடுப்பு மருந்தும் ஆறாவது வாரத்தில் பரிசோதனையும் வேண்டும். ஆறு வயது வரை குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம் என்பதால் குழந்தைக்கான மருத்துவத் தொடர்ச்சியும் சிறையின் பொறுப்பாகிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு. அதற்கான பரிசோதனையை யாரும் நினைவூட்டுவதில்லை.

உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லலாமா? சொல்லுங்கள், ஆனால் முதலிலேயே ஒரு நிபந்தனை போடுங்கள். ஜாமீன் மனுவில் நோயின் பெயரை எழுதிவிட்டால் அது திறந்த நீதிமன்றத்தில் வாசிக்கப்படும், எதிர்த்தரப்புக்கு நகல் போகும். 2017 சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி அடையாளத்தை மறைத்து மாற்றுப் பெயரில் நடத்தவும், மூடிய அறையில் விசாரிக்கவும், செய்தி வெளியிடத் தடை கோரவும் முடியும். எச்.ஐ.வி. உள்ளவர் சம்பந்தப்பட்ட வழக்கை முன்னுரிமை கொடுத்து முடிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மருத்துவச் சான்றை மூடிய உறையில் கொடுக்கச் சொல்லுங்கள். நோயுற்றவர் என்ற காரணத்துக்காக ஜாமீன் பரிசீலிக்க குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவிலும் இடம் இருக்கிறது. மருந்து தொடர்ந்து நன்றாக இருப்பவருக்கு எச்.ஐ.வி. என்ற ஒரே காரணம் எடுபடாமல் போகலாம். காசநோய் சேர்ந்திருந்தாலோ சி.டி.4 அளவு 200க்குக் கீழே இருந்தாலோ வலுவாக வாதிடலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும். அதன் எண் 15100. மருந்து மறுக்கப்பட்டால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம்.

விடுதலை நாளை இப்போதே நினைத்து வையுங்கள். ஜாமீன் உத்தரவு பெரும்பாலும் மாலையில் வந்து சேரும். அந்த நேரத்தில் சிறை மருந்தகம் பூட்டியிருக்கும். வாசலில் செல்போன், பெல்ட், மிச்சப் பணம் எல்லாம் எண்ணிக் கொடுப்பார்கள், மாத்திரையை யாரும் நினைக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில் ஒரு வாரம் ஓடிவிடும். ஜாமீன் மனு போடும் நாளிலேயே சிறை மருத்துவரிடம் பதினைந்து நாள் மாத்திரையும், பழைய மையத்துக்கு மாற்றல் கடிதமும் தயார் செய்து வைக்கக் கேளுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் புட்டியின் காலாவதித் தேதியையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மனு போட்டுத் தம்பியைப் பார்க்கப் போகிறீர்கள் அல்லவா, அங்கே வலைக்கு இப்புறம் இருபது பேர், அப்புறம் இருபது பேர் நின்று கத்துவார்கள். "மாத்திரை கிடைத்ததா?" என்று கேட்டுவிடாதீர்கள். நான் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெண் வாரம் தவறாமல் கணவரைப் பார்க்க வருவார். வீட்டுக் கதை எல்லாம் பேசி முடித்து, கிளம்பும்போது, "துளசிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்" என்பார். கணவர், "நானும்தான்" என்பார். உங்கள் இருவருக்கும் மட்டும் புரிகிற அப்படி ஒரு சொல்லை முதல் சந்திப்பிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.